நாலரை மணி முறை

எங்கள் கல்லூரியில் இருபத்துநாலு அறைகள் இருந்தன. வகுப்பு நடத்த ஓர் அறைகூட இல்லை. இதில் ஏதோ இடிக்கிறதே என்று நினைப்பவர்கள் எங்கள் அறை ஒதுக்கீட்டுக் கமிட்டியில் உட்கார்ந்ததில்லை. நான் ஏழு வருஷம் உட்கார்ந்தேன், தமிழ்த் துறையின் பிரதிநிதியாக. எந்தத் தீர்மானத்தையும் எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கே காப்பி நன்றாக இருக்கும்.

செங்கம் ரோட்டில் அந்தக் கட்டடம் முதலில் சத்திரமாக இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு வரும் யாத்திரீகர்கள் தங்குவதற்கென்று ஒரு புண்ணியவான் கட்டிவைத்தது. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு மாமரம், சுற்றிலும் வராந்தா, வராந்தாவை ஒட்டி நாலு பக்கமும் ஆறாறு அறைகள். ஐம்பத்தெட்டாம் வருஷம் பாய்களைச் சுருட்டிவிட்டு பெஞ்சுகளைப் போட்டுக் கல்லூரி என்றார்கள். சத்திரமாக இருந்தவரை வந்தவனுக்கெல்லாம் அறை கிடைத்தது. கல்லூரியான பிறகு கமிட்டி வந்தது.

கமிட்டிக்குத் தலைவர் சரித்திரப் பேராசிரியர் சக்கரவர்த்தி. சாவிக்கொத்துக்கும் பதிவேட்டுக்கும் அதிபதி குமாஸ்தா பசுபதி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, எங்கள் கல்லூரியில் இது வெறும் பேச்சில்லை. பசுபதி நிஜமாகவே குருக்கள் வீட்டுப் பிள்ளை. பெரிய கோயிலில் இன்ன சந்நிதியில் இன்ன நாள் பூஜை இன்ன குடும்பத்துக்கு என்று முறை உண்டு அல்லவா? அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். உலகத்தில் ஓர் இடத்தை நாலு பேர் பகிர்ந்துகொள்ள வேறு வழி உண்டென்று பசுபதிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பாவம், தெரிந்ததைச் செய்தார். இருபத்துநாலு அறைகளுக்கும் துறைவாரியாக முறை எழுதிவிட்டார். முறை வந்தால் வந்ததுதான். வகுப்பு நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

அறுபத்துநாலாம் வருஷம் ஜூலையில் சின்னசாமி வந்து சேர்ந்தான். கீழ்பென்னாத்தூருக்கு உள்ளடங்கிய ஒரு கிராமம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் விவசாயக் குடும்பம், கணிதத் துறையில் தற்காலிக உத்தியோகம். சேர்ந்த அன்றே பிரின்சிபால் ஒரு கடிதம் கொடுத்தார். மார்ச்சில் பி.யூ.சி. கணக்கில் தவறிய பதினேழு பேர் செப்டம்பரில் மறுபடி எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுக்க வேண்டும். பத்துப் பேராவது தேறினால் உத்தியோகம் நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்பதைக் கடிதம் சொல்லவில்லை. சின்னசாமியே என்னிடம் சொன்னான்.

"தேறலைன்னா ஊருக்குப் போயி மல்லாட்டை புடுங்க வேண்டியதுதாங்க. எங்கப்பா அப்பவே சொன்னாரு, படிச்சது போதும், நெலத்தப் பாருன்னு. அவரு பேச்சு ஜெயிச்சுடும்."

அந்தப் பதினேழு பேரில் கஸ்தூரி என்று ஒரு பெண். வேலூரில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் சொல்லிவைத்திருந்தார்கள், கணக்கு தேறினால். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையும் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அறை என்ற இடத்தில் வந்து நின்றது.

சின்னசாமி போய்ப் பசுபதியிடம் பதினோராம் அறையைக் கேட்டான். நேரம் மாலை நாலரை. அந்த அறை காலையிலிருந்து காலியாகக் கிடப்பதை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தான்.

"அது தத்துவத் துறையோட முறையாச்சே சார்," என்றார் பசுபதி.

"தத்துவத் துறையா? நம்ம காலேஜ்ல அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"

"அறுபதுலயே எடுத்துட்டா. அதுக்காக முறை போயிடுமா? ஆள் இல்லேன்னா முறை காத்துண்டிருக்கும். இராமலிங்கம் சார் ரிட்டையர் ஆகித் திருக்கோவிலூர்ல இருக்கார். அவர் விட்டுக்கொடுத்து ஒரு கடுதாசி எழுதித் தந்தா நான் ஃபாரம் தரேன்."

சின்னசாமி திருக்கோவிலூருக்கு எழுதினான். பத்து நாள் கழித்துக் கார்டு வந்தது. அறை என்பதே மனத்தின் தோற்றம் என்றும், இல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், இருந்தாலும் முறையை அக்காள் மகனுக்கு வாக்களித்துவிட்டதாகவும் இராமலிங்கம் எழுதியிருந்தார். அக்காள் மகன் பெங்களூரில் இஞ்சினீயர்.

சரி, வேறு அறை. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை தீபத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்கென்று ஆடி மாதமே பூட்டியாகிவிட்டது. தீபம் கார்த்திகையில். முன்கூட்டியே பூட்டாவிட்டால் யாராவது உள்ளே போய்ப் பாடம் நடத்திவிடுவார்கள் என்பது தலைவரின் அனுபவம். ஐந்தாம் அறை கமிட்டி கூட, ஆறு கமிட்டி காப்பி குடிக்க, ஏழு கமிட்டியின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் இருக்க. மீதியெல்லாம் அந்தந்தத் துறையின் முறை. காலையில் வகுப்பு நடந்த அறையைக்கூட நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் அந்த அறைக்கு ஓய்வு.

கடைசியில் எப்படியோ சின்னசாமிக்கு ஒரு படிவம் கிடைத்தது. நாலு பிரதி எழுத வேண்டும். ஒன்பதாம் பத்தியில் ஒரு கேள்வி: "கேட்கும் அறை தற்போது காலியாக உள்ளதா?" இல்லை என்று எழுதினால் விண்ணப்பம் செல்லாது. ஆம் என்று எழுதினால் அந்த அறை ஏன் காலியாக இருக்கிறது என்பதை விண்ணப்பதாரர் இருபது வரிகளுக்கு மிகாமல் விளக்க வேண்டும். அந்தப் பத்தியை வடிவமைத்தவன் நான்தான். தமிழ் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. சின்னசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுவரில் பெரிய அட்டவணை மாட்டியிருந்தது. பூட்டிய அறைகளெல்லாம் பச்சை. இருபத்துநாலும் பச்சை. பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, நீங்க புதுசு. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அறைன்னா உபயோகிக்கறதுக்குன்னு பலபேர் நெனைக்கறாங்க. தப்பு. உபயோகிச்சா பெஞ்சு ஆடும். சுவத்துல பேரு எழுதுவான். சாக்பீஸ் தூள் விழும். நாலு வருஷமா பதினோராம் நெம்பர் அறையில ஒரு பெஞ்சு உடைஞ்சதில்லை. ஏன்? ஒருத்தன் உக்காந்ததில்லை. இது நிர்வாகம். நாளைக்கு ஒரு பெரிய அவசரம் வந்தா நமக்குக் கைவசம் இருபத்துநாலு அறை இருக்கும். நீங்க கேக்கறீங்கன்னு ஒண்ணு குடுத்தா இருபத்துமூணுதான் இருக்கும். அப்ப யார் பொறுப்பு?"

"ஒரு மணி நேரம்தாங்க சார் கேக்கறேன். ஜாஸ்தி இல்லைங்க. பசங்களுக்குப் பரீட்சை வருதுங்க."

"பரீட்சை வருஷா வருஷம் வரும். அறை போனா வருமா?"

விண்ணப்பம் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வழிமொழிந்தவன் நான். காப்பி வந்துவிட்டது.

சின்னசாமி மாமரத்தடியில் உட்காரவைத்துப் பார்த்தான். மரம் தாவரவியல் துறையின் முறை. சைக்கிள் ஷெட்டில் நடத்தினான். சைக்கிள்களுக்கு இடைஞ்சல் என்று ஓலை வந்தது. வராந்தாவில் ஓரமாக நிற்கவைத்தான். அங்கேதான் சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று குறுக்கே வந்தது.

அந்தச் சுற்றறிக்கையின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் கமிட்டிக்குக் காப்பி கொண்டுபோன பியூன்மீது எதிரே வந்த ஒரு பேராசிரியர் மோதி எட்டு டம்ளரும் கீழே போயின. அன்று கமிட்டி இரண்டு மணி நேரம் ஆலோசித்தது. இனி வராந்தாவில் யாரும் நிற்கக்கூடாது. நடப்பவர்கள் மாமரம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வலமாகவே நடக்க வேண்டும் என்று தீர்மானமானது. மலையைச் சுற்றிப் பழகிய ஊர். இடமாக நடக்க எங்களுக்கும் மனம் வராதுதான். ஆனால் ஆசிரியர் அறைக்கு அடுத்த கதவு கழிப்பறை, அது தப்பான பக்கத்தில் இருந்தது. பத்தடியில் இருக்கும் கதவுக்கு முழுப் பிரதட்சிணம் வர வேண்டும். வயதானவர்கள் முன்கூட்டியே புறப்பட்டார்கள்.

நிற்கக்கூடாது என்று தெரிந்ததும் சின்னசாமியின் முகம் விழுந்துவிட்டது. பரீட்சைக்கு முப்பத்தைந்து நாள்தான் இருந்தது. பசுபதிக்கே மனசு கேட்கவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், உக்கார ஃபாரம் இருக்கு. நிக்கறது தடை. நடக்கறதுக்கு மட்டும் ஒண்ணும் போடலை. நடந்துண்டே சொல்லிக்குடுத்தா என்னால எதுவும் கேக்க முடியாது."

அன்று நாலரை மணிக்கு அந்த ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் வேணு; பதினேழு பேரில் உயரமானவன். அவன் முதுகில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, அதன் பின்னால் சின்னசாமி சாக்பீஸோடு எழுதிக்கொண்டே நடந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் நோட்டும் கையுமாக, துணியை எட்டிப் பார்த்துக்கொண்டு. ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். ஒரு சுற்றுக்கு ஒரு கணக்கு. தெற்கு மூலையில் கேள்வி, வடக்கு மூலைக்குள் விடை. தப்பாகச் சொன்னவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வேணு மட்டும் முதுகில் இருப்பதைப் படிக்க முடியாமல் எல்லாக் கணக்கையும் காதால் கேட்டு மனத்திலேயே போட்டான்.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தோம். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் பௌர்ணமி வந்தது. ரோட்டில் கிரிவலம் போய்க்கொண்டிருந்த சிலர் கேட் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். வரிசையாக ஜனங்கள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வலம் வருகிறார்கள். இங்கேயும் ஏதோ சந்நிதி இருக்கிறது என்று பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார்கள். மூன்று சுற்று முடிந்த பிறகுதான் ஓர் அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது.

"இது இன்னா சாமி கண்ணு?" என்று கஸ்தூரியைக் கேட்டாள்.

"சாமி இல்லைம்மா. அல்ஜீப்ரா."

"ஏதோ ஒண்ணு. நல்லது குடுத்தா சரி," என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று வந்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் எங்கள் தலைவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. இருபத்துநாலு அறை போதவில்லை, இன்னும் பன்னிரண்டு கட்ட அனுமதி வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். இடநெருக்கடியை நேரில் பார்க்க ஆகஸ்டு கடைசியில் பட்டணத்திலிருந்து ராஜமாணிக்கம் என்ற அதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. கல்லூரிக்கு வெள்ளை அடித்தார்கள். அட்டவணைக்குப் புதிதாகப் பச்சை பூசினார்கள். சின்னசாமிக்கு ஓர் ஓலை போயிற்று: "ஆய்வு நாளன்று தங்கள் தனி வகுப்பை ஏதேனும் ஓர் அறையில் மட்டுமே நடத்த வேண்டும். மீறினால் தற்காலிக நியமனம் உடனே ரத்தாகும்."

சின்னசாமி ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"பசுபதி சார், அறையில நடத்தச் சொல்லித் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காருங்க! சாவி குடுங்க!"

பசுபதி ஓலையை இரண்டு முறை படித்தார்.

"ஓர் அறையில்னு போட்டிருக்கு. எந்த அறைன்னு போடலையே. ஒதுக்கறது கமிட்டிதான். கமிட்டி அடுத்த செவ்வாய். ஆய்வு வியாழன்."

"அப்ப நான் இன்னாங்க பண்றது?"

"வகுப்பை நிறுத்திடுங்கோ."

சின்னசாமி ஓலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "பரீட்சைக்குப் பத்து நாள் இருக்குதுங்க. நான் போனா மல்லாட்டை புடுங்கிப் பொழைச்சுக்குவேன். அந்தப் பசங்க போன வருஷத்தயே இன்னொரு வருஷம் பொழைக்கணுமா? நடப்பேங்க. என் வேலைய எடுத்தாலும் வியாழக்கெழமை நடப்பேன்."

எனக்கு அன்று காப்பி கசந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை ராஜமாணிக்கம் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் சின்ன நோட்டு. தலைவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். உள்ளே பெஞ்சுகள் வாங்கிய மெருகு குலையாமல் பளபளத்தன. கமிட்டி பின்னாலேயே போனது.

"இங்க வகுப்பு எப்ப நடக்கும்?" என்றார் ராஜமாணிக்கம்.

"எப்ப வேணும்னாலும் நடக்கலாம்! அதுக்குத்தான் இவ்வளவு தயாரா வெச்சிருக்கோம்."

"இப்ப நடக்கலியே?"

"இப்ப நடந்தா நீங்க எப்படி உள்ள வந்து பாக்க முடியும்? ஆய்வுக்கு இடைஞ்சல் இல்லாம ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

ராஜமாணிக்கம் ஏதோ எழுதினார். பதினாலாம் அறை வரை வந்துவிட்டோம். பதிமூன்றைப் பார்க்கவில்லை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. ஓரடி பின்னால் வைத்தார். பசுபதி குறுக்கே கையை நீட்டினார்.

"இடமாப் போகப்படாது சார். சுற்றறிக்கை நாப்பத்தொண்ணு. இப்படியே சுத்தி வந்துடுங்கோ."

பட்டணத்து அதிகாரி சுற்றத் தொடங்கினார். மணி நாலரை. மேற்கு மூலையில் திரும்பியபோது ஊர்வலம் அங்கிருந்து புறப்பட்டது; அவருக்கு முன்னால் கறுப்புத் துணியோடு வேணுவும் சாக்பீஸோடு சின்னசாமியும் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் பதினாறு பேர். நடுவில் மாட்டிக்கொண்ட ராஜமாணிக்கத்துக்கு நிற்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. துணியில் இருந்த கணக்கை அவரும் பார்த்தார். நோட்டைத் திருப்பி எதையோ கிறுக்கினார்.

"எக்ஸ் நாலு," என்றார் வாய்க்குள்ளேயே.

"இல்லைங்க சார்," என்றாள் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கஸ்தூரி. "மைனஸ வுட்டுட்டீங்க. எக்ஸ் மைனஸ் நாலு. நீங்க கடைசிக்குப் போவணும்."

அவர் கடைசிக்குப் போனார். இரண்டு சுற்று அவர் வெளியே வரவில்லை. மூன்றாவது கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு முன்னுக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"ஏம்மா, நீங்க எந்த அறை?"

"அறை இல்லைங்க சார். உக்காந்தா ஃபாரம் கேக்கறாங்க. நின்னா தப்புன்றாங்க. அதான் நடக்கறோம். இருபத்தஞ்சு நாளா நடக்கறோம்."

தலைவர் பாய்ந்து வந்தார். வலமாகத்தான் வர முடியும் என்பதால் வந்து சேர மூன்று நிமிஷம் ஆனது. "சார், இது எங்க கமிட்டியோட புதிய போதனா முறை! உலகத்துலயே எங்கயும் இல்லை!"

"அதை நம்பறேன்," என்றார் ராஜமாணிக்கம்.

அவருடைய அறிக்கை வரட்டும் என்று தலைவர் ரத்து ஓலையை நிறுத்திவைத்திருந்தார்; அது ஒரு மாதத்தில் வந்தது. இருபத்துநாலு அறைகளில் நேரில் கண்ட உபயோகம் பூஜ்யம். வராந்தாவின் உபயோகம் நூற்றுக்கு நூறு. ஆகவே கல்லூரிக்குப் புதிய அறைகள் தேவையில்லை. தேவைப்பட்டால் வராந்தாவை அகலப்படுத்திக்கொள்ளலாம். வராந்தாவில் நடந்த வகுப்பை நடத்தியவருக்குப் பாராட்டு. தலைவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் லீவு போட்டார். பாராட்டுக் கடிதம் வந்துவிட்ட ஆளின் நியமனத்தை ரத்து செய்யும் பத்தி எங்கள் விதிகளில் இல்லை. அந்தப் பத்தியை வடிவமைக்க மறந்ததற்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

கார்த்திகையில் பரீட்சை முடிவு வந்தது. அறைகளில் தீபத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் படுக்கையை உதறிக்கொண்டிருந்தார்கள். பதினேழு பேரில் பதினைந்து பேர் தேறியிருந்தார்கள். வேணு தொண்ணூற்றாறு. கஸ்தூரி அழுதுகொண்டே சிரித்தாள்.

"சார், பரீட்சை ஹால்ல உக்காந்ததும் ஒண்ணுமே வரலைங்க சார். அப்பறம் பெஞ்சுக்குக் கீழ காலை மட்டும் நடக்கற மாதிரி ஆட்டிப் பாத்தேன். எல்லாம் வந்துடுச்சு."

சின்னசாமி அன்றே ஊருக்குப் போனான். அவன் அப்பா ஒரு சாக்கு மல்லாட்டை கொடுத்தனுப்பினார். எனக்கும் அரைப் படி வந்தது.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் எங்கள் கமிட்டியை நீங்கள் குறைவாக மதிப்பிட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். வராந்தாவையும் வகுப்பறை என்று பல்கலைக்கழகமே எழுதிவிட்டதால், அதுவும் எங்கள் அதிகாரத்துக்குள் வந்தது. பசுபதி பதிவேட்டில் இருபத்தைந்தாவது பக்கம் திறந்து அழகான கையெழுத்தில் எழுதினார்: "வராந்தா. தினமும் நாலரை முதல் ஐந்தரை வரை. கணிதம், சின்னசாமி முறை." தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான்தான். இந்த ஒரு தடவை சந்தோஷமாக.

அறுபத்தேழில் சின்னசாமி வேலூரில் நல்ல உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டான். அவன் போன மறுநாள் மாலை நான் ஆசிரியர் அறையிலிருந்து கழிப்பறைக்கு அவசரமாகப் புறப்பட்டேன். எனக்கும் வயதாகிவிட்டது, முன்கூட்டியே புறப்பட மறந்துவிட்டேன். வராந்தாவின் குறுக்கே கயிறு கட்டி, பக்கத்தில் பசுபதி நின்றுகொண்டிருந்தார். வராந்தா நாலு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

"நாலரை ஆயிடுத்து சார். சின்னசாமி சார் முறை."

"அவன்தான் வேலூர் போயிட்டானேய்யா!"

"ஆள் இல்லேன்னா முறை போயிடுமா? அவர் விட்டுக்கொடுத்ததா ஒரு கடுதாசி வாங்கிண்டு வாங்கோ. நான் ஃபாரம் தரேன்."

நின்றபடியே ஒரு கார்டு எழுதி வேலூருக்குப் போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது. "ஐயா, என் முறையைத் தங்களுக்கும் தங்கள் வாரிசுகளுக்கும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன். சுற்றி வரும்போது ஒரு கணக்காவது போடுங்கள்."

கார்டைப் பசுபதியிடம் நீட்டினேன். அவர் படித்துத் தலையாட்டிவிட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நாலு பிரதி. பேனாவைத் திறந்தேன். ஒன்பதாம் பத்தி கேட்டது: வராந்தா தற்போது காலியாக உள்ளதா? உள்ளது எனில், ஏன்?

இருபது வரி போதவில்லை.